மென்பொருள் பெருநிறுவனம் ஒன்று கைப்பேசிச் சந்தையில் நிலைக்குமா என எடைபோடுவது எப்படி

2011ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஐடிசி, கார்ட்னர் ஆகிய இரு சந்தை ஆய்வு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே கணிப்பை வெளியிட்டன. 2015இல் உலகில் விற்பனையாகும் திறன்பேசிகளில் ஐந்தில் ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்தைக் கொண்டிருக்கும் என்பதே அது. 2015 வந்தபோது அந்தப் பங்கு 3 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. கணித்தவர்கள் துறை அறியாதவர்கள் அல்லர். அப்போது உலகின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனமாக இருந்த நோக்கியா, தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்திருந்தது. சிம்பியன் வைத்திருந்தவர்கள் அப்படியே விண்டோஸுக்கு வந்துவிடுவார்கள் என்று கணக்கு போடப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டுக்குப் போனார்கள்.

பெயரும் பணமும் வல்லமையும் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் கைப்பேசியில் இறங்குவதாக அறிவிக்கும்போது, அதன் வாய்ப்பை எடைபோடுவதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே விளக்குகிறேன். அந்த இயங்குதளத்துக்குச் செயலி எழுதலாமா என்று தயங்குபவருக்கும், அந்நிறுவனத்தின் பங்கை வாங்க நினைப்பவருக்கும், தம் அலுவலகத்துக்குக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பவருக்கும் இது உதவும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டைப் பற்றியவை. இவ்வளவு நீண்ட காலம் நடந்து, இவ்வளவு விரிவாகப் பதிவான முயற்சி வேறொன்று இல்லை.

எந்த அடுக்கில் போட்டி என்பதை முதலில் வரையறுங்கள்

கைப்பேசிச் சந்தை என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் நான்கு தொழில்கள் அடுக்கியிருப்பது. கருவியைச் செய்து விற்பது ஒன்று. இயங்குதளத்தைக் கொடுப்பது இன்னொன்று. செயலிக் கடையை நடத்தி விற்பனையில் ஒரு பங்கு பெறுவது மூன்றாவது. பிறர் கருவியில், பிறர் இயங்குதளத்தில் ஓடும் செயலிகளையும் சேவைகளையும் அளிப்பது நான்காவது. ஆப்பிள் முதல் மூன்றையும் தன் கையில் வைத்திருக்கிறது. கூகிள் இயங்குதளத்தையும் கடையையும் வைத்துக்கொண்டு, பணத்தைப் பெரும்பாலும் நான்காம் அடுக்கில் விளம்பரங்கள் வழியாக ஈட்டுகிறது. ஓர் அடுக்கில் தோற்றவர் மற்றொன்றில் வெல்லலாம் என்பதால், எந்த அடுக்கு என்று குறிப்பிடாத கணிப்பு எதையும் நான் பொருட்படுத்துவதில்லை. அறிவிப்பைப் படித்தவுடன் அந்நிறுவனம் எந்தெந்த அடுக்குகளில் நுழைகிறது, அவற்றில் எதிலிருந்து பணம் வரும் என்று எதிர்பார்க்கிறது என்பதை இரண்டு வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால், பெரும்பாலும் அந்நிறுவனமே அதை முடிவு செய்யவில்லை.

பழைய வருமானம் புதிய தொழிலை விரும்புகிறதா

என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். பிறவற்றுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால் இதற்கு ஒரு நாள் செலவிடலாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, பிரிவுவாரியான இயக்க இலாபத்தைக் காட்டும் அட்டவணையைப் பாருங்கள். எந்தப் பிரிவு அதிக இலாபம் தருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, கைப்பேசி முயற்சி வென்றால் அந்தப் பிரிவின் இலாபம் கூடுமா, குறையுமா, மாறாதிருக்குமா என்று கேளுங்கள்.

கூகிள் 2005இல் ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை வாங்கியபோது அதன் வருமானம் தேடல் விளம்பரத்திலிருந்து வந்தது. இணையத்தில் உலவுபவர் எண்ணிக்கை கூடக்கூட அந்த வருமானமும் கூடும். ஆகவே இயங்குதளத்தின் மூலநிரலைக் கட்டணமின்றிக் கொடுப்பது அதற்குத் தியாகமே அல்ல. மைக்ரோசாஃப்டின் நிலை நேர்மாறானது: விண்டோஸும் ஆஃபீஸும் உரிமக் கட்டணத்தால் வாழ்ந்தவை, எனவே கைப்பேசிக்கான விண்டோஸுக்கும் கருவிக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் கட்டணம் கேட்பதே அதற்கு இயல்பாகத் தோன்றியது. ஒருவர் கட்டணமின்றிக் கொடுக்கும் பொருளை மற்றவர் விலைக்கு விற்கும் சந்தையில், விற்பவரின் பொருள் சற்றுச் சிறந்ததாக இருப்பது போதாது. 2014 ஏப்ரலில் 9 அங்குலத்துக்கும் குறைவான திரையுள்ள கருவிகளுக்கு விண்டோஸ் உரிமத்தை இலவசமாக்கியபோது ஆண்ட்ராய்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது.

இதே அட்டவணை இன்னொன்றையும் காட்டும். ஐபேடு 2010இல் விற்பனைக்கு வந்தது. அதற்கான வேர்டும் எக்செலும் 2014 மார்ச்சில்தான் வந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மைக்ரோசாஃப்டிடம் நிரலர்கள் இல்லாமல் போகவில்லை. ஆஃபீஸ் வேண்டுமென்றால் விண்டோஸ் கருவி வாங்க வேண்டும் என்ற நிலையைக் காப்பது பழைய வருமானத்துக்கு ஏற்றதாக இருந்தது என்பதே என் வாசிப்பு.

மூன்றாவது விடை, அதாவது முதன்மை இலாபம் கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்பது, பார்வைக்குத் தீங்கற்றது. ஆனால் அத்தகைய முயற்சியே முதல் நெருக்கடியில் கைவிடப்படும். அமேசானின் ஃபயர் போன் 2014 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அதன் தொடர்பாக 170 மில்லியன் டாலர் இழப்பைக் கணக்கில் காட்டி, அடுத்த ஆண்டில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் போன் இல்லாமலும் அமேசானின் கடை நன்றாகவே நடந்தது; நிறுத்துவதற்கு அதுவே போதுமான காரணமாகிவிட்டது.

தாமதம் என்ற காரணத்தை எளிதில் ஏற்காதீர்கள்

தோல்விகளுக்குத் தாமதமான நுழைவே காரணம் என்று பலரும் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் 1996லேயே கையடக்கக் கருவிகளுக்கான விண்டோஸ் சிஇயை வெளியிட்டது. 2000இல் அதன் வழிவந்த பாக்கெட் பிசியும், 2003இல் விண்டோஸ் மொபைல் என்ற பெயரும் வந்தன. ஐபோன் 2007இல் வந்தபோது மைக்ரோசாஃப்ட் பத்தாண்டுகளாக அந்தக் களத்தில் இருந்தது. தாமதமானது நுழைவன்று, பழையதைக் கைவிடும் முடிவு. தொடுதிரைக்கென்று புதிதாக எழுதப்பட்ட விண்டோஸ் போன் 7, ஐபோனின் அறிமுகத்துக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 2010 அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. விசைப்பலகையுள்ள போனை மனத்தில் கொண்டு தொடங்கிய ஆண்ட்ராய்டு குழுவோ ஐபோனைப் பார்த்தபின் திட்டத்தை மாற்றிக்கொண்டு, 2008 அக்டோபரில் தன் முதல் போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே நீங்கள் அளக்க வேண்டியது, தன் பொருள் காலாவதியாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து மாற்றுப் பொருள் வாங்குபவர் கைக்கு வரும் நாள் வரை அந்நிறுவனம் எடுத்துக்கொள்ளும் காலத்தை. அதன் முந்தைய தயாரிப்புகளின் வரலாற்றிலிருந்தே இதைக் கணக்கிடலாம்.

செயலி எழுதுபவர்களை எத்தனை முறை கைவிட்டது

இயங்குதள அடுக்கில் போட்டி என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது. செயலிகள் குறைவாக இருப்பதால் போன் விற்காது, போன் விற்காததால் செயலிகள் வராது என்ற சுழல் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தச் சுழலை நிறுவனமே தன் கையால் மீண்டும் மீண்டும் தொடங்கிவைப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

விண்டோஸ் மொபைலுக்கு எழுதிய செயலிகள் விண்டோஸ் போன் 7இல் ஓடவில்லை. அதுவரை எழுதியவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2012 ஏப்ரலில் நோக்கியாவின் முதன்மைப் போனாக லூமியா 900 அமெரிக்காவில் பெரிய விளம்பரத்துடன் வந்தது. இரண்டே மாதத்தில், அதுவரை விற்ற எந்தப் போனுக்கும் விண்டோஸ் போன் 8 கிடைக்காது என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் விண்டோஸ் 10 மொபைல் வந்தபோது, அந்த வரிசையில் மிக அதிகமாக விற்ற லூமியா 520 உட்படப் பல பழைய போன்கள் விடுபட்டன. ஒவ்வொரு முறையும் பொறியியல் காரணம் உண்மையாகவே இருந்தது. ஆனால் செயலி எழுதுபவர் பொறியியலைப் பார்ப்பதில்லை; தம் உழைப்பு எத்தனை ஆண்டு செல்லுபடியாகும் என்பதையே பார்க்கிறார்.

செயலிக் கடையில் இத்தனை இலட்சம் செயலிகள் என்ற எண்ணிக்கையை முற்றிலும் புறக்கணிக்கலாம். அதற்குப் பதிலாக, பொதுமக்கள் அன்றாடம் பயன்படுத்தும் இருபது செயலிகளின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு செய்திகளை எழுதுங்கள்: கடையில் இருக்கிறதா, உரிய நிறுவனமே வெளியிட்டதா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, மற்ற இயங்குதளங்களில் உள்ள வசதிகள் அனைத்தும் இருக்கின்றனவா. இன்ஸ்டாகிராம் விண்டோஸ் போனுக்கு 2013 நவம்பரில்தான், அதுவும் சோதனைப் பதிப்பாக வந்தது. ஸ்நாப்சாட் வரவே இல்லை. யூடியூபுக்கு மைக்ரோசாஃப்ட் தானே செயலி எழுதியபோது, கூகிள் 2013 ஆகஸ்டில் அதை முடக்கியது. இந்தக் கடைசி நிகழ்வு தனியாகக் கவனிக்கத்தக்கது, ஏனெனில் பட்டியலில் உள்ள செயலிகளில் எத்தனை நீங்கள் எடைபோடும் நிறுவனத்தின் போட்டியாளர்களுக்குச் சொந்தம் என்ற ஐந்தாவது கேள்வியை அது எழுப்புகிறது.

தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும்

இயங்குதளம் மட்டும் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பிறர் போன் செய்ய வேண்டும். அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று அவர்கள் நிலையிலிருந்து கேளுங்கள். சாம்சங், எச்டிசி போன்றவை விண்டோஸ் போன்களைச் செய்தபடியே ஆண்ட்ராய்டிலும் செய்தன. ஆண்ட்ராய்டின் தோற்றத்தைத் தம் விருப்பப்படி மாற்ற முடிந்தது, விண்டோஸ் போனில் முடியவில்லை. நோக்கியாவுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் காலாண்டுக்கு 250 மில்லியன் டாலர் ஆதரவுத் தொகை கொடுக்கத் தொடங்கியபின் மற்றவர்களின் ஆர்வம் மேலும் தணிந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவையே மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தபோது, இயங்குதளத்தைக் கொடுப்பவரே போட்டித் தயாரிப்பாளரும் ஆகிவிட்டார். கூகிளும் 2012இல் மோட்டோரோலா மொபிலிட்டியை 12.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆனால் இரண்டே ஆண்டில் அதன் பெரும்பகுதியை லெனோவாவுக்கு விற்றுவிட்டது. பிற தயாரிப்பாளர்களின் மனம் கோணாதிருப்பது அதற்கு அந்தத் தொழிற்சாலைகளைவிட மதிப்புள்ளதாக இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

தொலைத்தொடர்பு நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தவணையிலும் ஒப்பந்தத்திலும் போன் விற்கும் நாடுகளில், கடையில் நிற்கும் விற்பனையாளர் எந்தப் போனை எடுத்துக்காட்டுகிறார் என்பதைச் சில கடைகளில் நேரில் பார்த்தாலே போதும். மைக்ரோசாஃப்டின் கின் போன்கள் 2010இல் விற்பனைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் நிறுத்தப்பட்டதற்கு, அவற்றோடு சேர்த்து விற்ற தரவுத் திட்டத்தின் உயர்ந்த விலையும் ஒரு காரணம்.

எண்களை எப்படிப் படிப்பது

கடைகளுக்கு அனுப்பிய போன்களின் எண்ணிக்கையும் வாங்குபவர் எடுத்துச்சென்ற எண்ணிக்கையும் வேறு வேறு. அறிவிப்புகளில் முன்னதே வரும். வட்டார வெற்றியையும் ஐயத்துடன் பாருங்கள். 2013இல் ஐரோப்பாவின் சில பெரிய சந்தைகளில் விண்டோஸ் போன் பத்து விழுக்காட்டை எட்டியது, திருப்பம் வந்துவிட்டதாகக் கட்டுரைகளும் வந்தன. அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி மலிவு விலைப் போன்களால் வந்தது. அவற்றை வாங்குபவர்கள் செயலிகளுக்குச் செலவிடுவது குறைவு என்பதால் செயலி எழுதுபவர்கள் அசையவில்லை. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவை வாங்கியதன் தொடர்பில் 7.6 பில்லியன் டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. அது வாங்குவதாக அறிவித்தபோது சொன்ன விலையையே விஞ்சிய தொகை.

இயங்குதளம் இல்லாமல் போட்டியிடுவதையும் கணக்கில் எடுங்கள்

இந்தச் சோதனைகளில் ஒரு நிறுவனம் தேறவில்லை என்றால், இயங்குதள அடுக்கில் வாய்ப்பில்லை என்று மட்டுமே எழுத வேண்டும். சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் தலைமைப் பொறுப்பேற்றபின் மைக்ரோசாஃப்டின் செயலிகள் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் முதல் தர இடத்தைப் பெற்றன. அவற்றின் வருமானம் சந்தாவாகவும் மேகக்கணினிச் சேவையாகவும் வந்ததால், பழைய வருமானம் பற்றிய கேள்விக்கு இம்முறை கூடும் என்ற விடை கிடைத்தது. 2020இல் வந்த சர்ஃபேஸ் டுவோ என்ற போனில்கூட ஆண்ட்ராய்டே இருந்தது.

ஆனால் நான்காம் அடுக்கில் இருப்பவர் பிறர் வீட்டில் குடியிருப்பவர். வீட்டுக்காரரின் விதிகளை உங்கள் மதிப்பீட்டில் தனிப் பத்தியாக எழுத வேண்டும். 2020இல் மைக்ரோசாஃப்டின் மேகவழி விளையாட்டுச் சேவைக்கான செயலியை ஆப்பிள் தன் கடையில் ஏற்கவில்லை. அச்சேவை பின்னர் உலாவி வழியாக ஐபோனுக்குப் போனது. ஆப்பிள் கருவிகளில் இயல்புத் தேடுபொறியாக இருப்பதற்கு 2022இல் மட்டும் கூகிள் 20 பில்லியன் டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. உலகில் அதிகம் பரவிய இயங்குதளத்தை வைத்திருப்பவரே இவ்வளவு கொடுக்கிறார் என்றால், எந்த இயங்குதளமும் இல்லாதவர் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை வருமானக் கணிப்பில் சேர்த்தாக வேண்டும்.

இவ்விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டப்படி, 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனில் மாற்றுச் செயலிக் கடைகளை ஆப்பிள் அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஆகவே மூன்றாம் அடுக்கில் நுழைய விரும்பும் நிறுவனத்தைப் பற்றி இப்போது எழுதுபவர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு விடையும் பிற நாடுகளுக்கு வேறொரு விடையும் எழுதி, இரண்டின் கீழும் எழுதிய நாளைக் குறித்து வைக்க வேண்டும்.