பந்தல் ஜெனரேட்டரைத் துருப்பிடிக்காமல் எடுத்து வைப்பது எப்படி?

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. அதற்காக வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஆண்டுக்கு மூன்று நாள் ஓடும்; மற்ற நாளெல்லாம் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும். 2024 ஜனவரி 25 பூசம் முடிந்ததும் எடுத்து வைத்தேன். 2025 பிப்ரவரி 11 பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கயிற்றை இழுத்தால் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. பெட்ரோல் புதிது, பிளக்கில் பொறியும் வந்தது. ஆனால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, இல்லை. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன்: எக்ஸ்ஹாஸ்ட் வால்வு உட்காரும் வளையத்திலும் சிலிண்டர் சுவரிலும் பழுப்புத் துரு. பக்தர்கள் வெயிலில் நடந்து வரும் நாளில் பந்தலில் மின்விசிறி ஓடவில்லையே என்ற வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பினாங்கில் இது யாருக்கும் நேரலாம். கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. காற்றில் ஈரம் குறைவதே இல்லை.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். சாமி விளக்கோ கேஸ் அடுப்போ எரியும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோலைத் திறக்காதீர்கள்.

முதலில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பழைய எண்ணெயைச் சூட்டோடு வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீரும் அமிலமும் பழைய எண்ணெயில் கலந்திருக்கும். அதை உள்ளே விட்டு வைத்தால் பேரிங்கை அரிக்கும். 163 சிசி எஞ்சினுக்கு ஏறத்தாழ 600 மில்லி போதும். வடித்ததைப் போத்தலில் அடைத்துப் பட்டறையில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அப்போதும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு கரண்டி தங்கியிருக்கும். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுங்கள். இரும்பு டாங்காக இருந்தால் ஒரு கப் எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சுவரெங்கும் படும்படி ஆட்டி, மிச்சத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளக் ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். வேறு ஸ்பேனர் சற்றுச் சாய்ந்தாலும் பீங்கான் விரிசல் விடும். துளை வழியாக ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி, துளைமேல் துணியைப் போட்டு, கயிற்றை மெதுவாக நான்கைந்து முறை இழுங்கள். பிளக் வயரின் தொப்பி துளையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். ஈரம் விரட்டும் ஸ்ப்ரே போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அது வெளிப்புறத்துக்குச் சரி. சிலிண்டருக்குள் பல மாதம் ஒட்டிக்கொண்டிருக்கக் கனமான எண்ணெய் வேண்டும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாக நாளாக அது பிசினாகிவிடும்.

என்னைக் கவிழ்த்தது இதற்கு அடுத்த படி. "பிஸ்டனை மேலே நிறுத்தி வை" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பிளக் துளையில் ஸ்ட்ராவை விட்டுப் பார்த்து மேலேதான் நிறுத்தினேன். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்று வேலைக்குள் பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. ஒன்று, காற்றை அழுத்தும்போது. அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். மற்றொன்று, புகையை வெளியே தள்ளி முடிக்கும்போது. அப்போது இரண்டும் இலேசாகத் திறந்திருக்கும். நான் நிறுத்தியது இரண்டாவதில். அந்த இடுக்கு வழியாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஈரக்காற்று போய்வந்துகொண்டிருந்தது. ஊற்றிய எண்ணெய் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கயிற்றை மெல்ல இழுங்கள். விரலைக் காற்று நெட்டித் தள்ளினால் அது அழுத்தும் ஓட்டம். புகை ஓட்டத்தில் காற்று சைலன்சர் வழியாகப் போய்விடும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. இதைப் புரிந்துகொண்டபின் பிளக்கை மாட்டி, மறுபடி மெல்ல இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர், கயிற்றை விட்டதும் எஞ்சின் பின்னால் உதைக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் உச்சிவரை இழுக்கப் பார்த்திருக்கிறார். அது தேவையில்லை. தடை தெரியும்போதே வால்வுகள் மூடிவிட்டன. சில எஞ்சின்களில் எளிதாக இழுப்பதற்காக எக்ஸ்ஹாஸ்ட் வால்வை இடையில் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு இருக்கும். அவற்றில் முதல் இலேசான தடையைத் தாண்டி, நன்றாகக் கனக்கும் இடம்வரை போக வேண்டும். இன்னொருவர் தோளில் மாட்டும் புல்வெட்டியைப் பற்றிக் கேட்டார். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வடிக்க எண்ணெய் இல்லை. டூ ஸ்ட்ரோக் எண்ணெயை ஒரு தேக்கரண்டி ஊற்றிப் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள், புகைத் துளையை அதுவே மூடிவிடும்.

சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டி நல்லது. சைலன்சர் வாயில் எண்ணெய் தோய்த்த துணியைச் செருகுங்கள், குளவியும் கூடு கட்டாது. அந்தத் துணி சிவப்பாக இருக்கட்டும், ஒரு முனை வெளியே தொங்கட்டும். எஞ்சினை ஓட்டுவதற்கு முன் அதை எடுக்க மறந்துவிடக் கூடாது.