எழுத்து பொடிசாக இருந்தால் கண்ணாடியைத் தேடாதீர்கள்

ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட் விலையை வெயிலில் நின்று போனில் பார்க்கிறவருக்கு, ஏசி ரூமில் உட்கார்ந்து ஒருத்தர் ரசித்து வைத்த வெளிர் சாம்பல் எழுத்தால் என்ன பிரயோசனம்? வெறும் வெள்ளைத்திரைதான் தெரியும். ஆனால் அந்த நிறமும் அளவும் வெப் பக்கத்தைச் செய்தவர் சொல்லும் யோசனைதான், கட்டளை கிடையாது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழிதான் சிஎஸ்எஸ்; 1996ல் வந்த அதன் முதல் விதிகளிலேயே வாசகரும் தனக்கென ஒரு ஸ்டைல் ஷீட் (தோற்றக் குறிப்பு) வைத்துக்கொள்ள இடம் இருந்தது. 1998ல் வந்த இரண்டாவது பதிப்பு, இரண்டு பேரும் 'இம்பார்ட்டன்ட்' என்று அடித்துச் சொன்னால் வாசகர் சொன்னதுதான் செல்லும் என்றே வைத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பக்கம் பெரிதாகும், கன்ட்ரோலும் 0வும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். இது பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, குரோம் செட்டிங்ஸில் 'அப்பியரன்ஸ்' பகுதியில் ஃபான்ட்டை மாற்றும் இடத்துக்குள் 'மினிமம் ஃபான்ட் சைஸ்' என்று ஒன்று இருப்பது. அதை 16 அல்லது 18க்குத் தள்ளிவிடுங்கள். வெறும் ஃபான்ட் அளவை மட்டும் கூட்டினால், பிக்சலில் (திரைப்புள்ளிக் கணக்கில்) அளவு கொடுத்த பக்கங்கள் அசையவே அசையாது. மினிமம் வைத்தால் அவையும் பணிந்துதான் ஆகவேண்டும்.

ஃபயர்பாக்ஸ் இன்னும் தாராளம். ஃபான்ட் பகுதியில் 'அட்வான்ஸ்ட்' போய், தமிழைத் தேர்ந்தெடுத்து, பிடித்த ஃபான்ட்டைக் கொடுத்து (எனக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்), பக்கங்கள் தங்கள் ஃபான்ட்டைப் போட்டுக்கொள்ள அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டால், எல்லாத் தமிழ்ப் பக்கமும் உங்கள் எழுத்தில்தான் வரும். சில இடங்களில் மெனு படங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், ஐகானையும் ஃபான்ட்டாகவே வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) முந்தைய பழைய தமிழ்ப் பக்கமென்றால் மட்டும் இந்த வேலை ஆகாது. அவை குறிப்பிட்ட ஒரு ஃபான்ட்டை நம்பியே இருப்பவை, மாற்றினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். தமிழ்நாட்டு அரசே 2010ல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் யூனிகோடை முறையாக ஏற்றுக்கொண்டது.

நீளமான கட்டுரை என்றால் இதெல்லாம் வேண்டாம், விண்டோஸில் ஃபயர்பாக்ஸிலோ எட்ஜிலோ எஃப் 9 அழுத்துங்கள், மெனுவும் விளம்பரமும் இல்லாமல் கட்டுரை மட்டும் தெரியும் ரீடர் வியூ வரும் (எட்ஜில் அதன் பெயர் இம்மர்சிவ் ரீடர்).

போனில் விரலால் விரித்தாலும் பெரிதாகாத பக்கங்கள் உண்டு. செய்தவர் ஜூமைப் பூட்டி வைத்திருப்பார். ஆண்ட்ராய்டு போனில் குரோம் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' போய் 'ஃபோர்ஸ் எனேபிள் ஜூம்' டிக் செய்தால் பூட்டு உடைந்துவிடும். அப்பா அம்மா போனில் முதலில் இதைச் செய்துகொடுங்கள்.

இனி, கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் வெப்சைட் செய்துதரும் தம்பி தங்கைகளுக்கு. முதலாளி பின்னால் நின்று "லோகோவை இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடுங் தம்பி" என்பார், போட்டுக்கொடுங்கள், அது அவர் காசு. எழுத்து அளவை மட்டும் ரெம் (rem) என்ற அலகில் கொடுங்கள், அப்போதுதான் வாசகர் வைத்த அளவை மதிக்கும். ஜூமைப் பூட்டாதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்கிறது எல்லோரும் படிக்கத்தக்க வெப் பக்கங்களுக்கான வழிகாட்டி விதிகளான டபிள்யூசிஏஜி. எல்லோரும் ஆசையாகப் போடும் #999 என்ற குறியீட்டுச் சாம்பல் நிறம் வெள்ளைமேல் 3ஐக்கூடத் தொடுவதில்லை. தமிழுக்கு லைன் ஹைட் (வரியின் உயரம்) எழுத்தளவைப்போல 1.6 மடங்காவது வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் மேல்விலங்கும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பட்டனுக்கு அகலத்தை இறுக்கிக் கட்டாதீர்கள், 'கான்டாக்ட்' அடங்கும் பெட்டியில் 'தொடர்புகொள்ளவும்' அடங்காது. முடித்ததும் பிரவுசரை 200 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள், எது உடைகிறதோ அதைச் சரிசெய்துவிட்டுப் பில் போடுங்கள்.

விலையையும் போன் நம்பரையும் படத்துக்குள் எழுதி ஏற்றுகிற கடைகளிடம் வாசகர் செட்டிங் எதுவும் பலிக்காது. கூகுள் லென்ஸில் காட்டி எழுத்தைப் பிரித்தெடுங்கள், இல்லாவிட்டால் கடைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.