தொலைவிலிருந்து பேச்சு, செவிப்புலன் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கொழும்பில் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளும், பாரிசவாதத்துக்குப் பின் மறுபடியும் கதைக்கப் பழகிக்கொண்டிருந்த முதியவர்களும், புதிதாகச் செவிப்புலன் கருவி பொருத்தியவர்களும் வீட்டுக்குள் முடங்கினார்கள். கொழும்பு மாவட்டத்தில் மே 26 வரை பகல்நேர ஊரடங்கு தளரவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பகுதிகள் திரும்பவும் மூடப்பட்டன. 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை நாடே மூடிக் கிடந்தது. சூம், வட்ஸ்அப் வழியான சிகிச்சை அந்த நாட்களில் வேறு வழியின்றித்தான் இங்கு பரவியது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களிலும் அதுவே கைகொடுத்தது. பயனுள்ள இந்த வழியில் சில தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. அவற்றுள் சில நோயாளிக்கு நேரடியாகத் தீங்கு செய்பவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கருவி வழியாக வரும் குரலையே நோயாளியின் குரல் என்று நம்பிவிடுவது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ்' ஒலியின் வலிமையோ பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. காணொளிச் செயலிகள் இதைவிட அகலமாகக் கடத்தினாலும், இரைச்சலை அடக்கும் வசதி அவற்றில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மூச்சுக் காற்றின் மெல்லிய சீறலுக்கும் மின்விசிறியின் இரைச்சலுக்கும் இடையே அந்த வசதி தடுமாறுவதுண்டு. பிள்ளை 'சீனி' என்று சரியாகச் சொல்லியிருக்கும்; மறுமுனையில் அது 'தீனி' போலவோ 'ஈனி' போலவோ வந்து விழும். சிகிச்சையாளர் அதைக் குறையாகக் குறித்துக்கொண்டு, பிள்ளைக்குத் தேவையில்லாத பயிற்சியை வாரக்கணக்கில் கொடுக்கலாம். இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே இருக்கும் குறை கேட்பவரின் மூளை இட்டு நிரப்பிக்கொள்வதால் மறைந்துபோவதும் உண்டு.

குரலின் உரப்பு விடயத்தில் ஏமாற்றம் இன்னும் கூடுதல். பார்கின்சன் நோயுள்ளவரின் குரல் மெலிந்துபோவது அந்நோயின் முக்கியமான அறிகுறிகளுள் ஒன்று. ஆனால் செயலி மெல்லிய குரலைத் தானாகவே உயர்த்தியும் பெரிய குரலைத் தாழ்த்தியும் அனுப்புவதால், அவர் முணுமுணுத்தாலும் உரக்கச் சொன்னாலும் நமக்கு ஒரே அளவாகத்தான் கேட்கும். "நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள் ஐயா" என்று சிகிச்சையாளர் சொல்லும் அதே வேளையில், அறைக்குள் இருக்கும் மனைவிக்கு அவர் சொன்னது கேட்டிராது. ஆகவே உரப்பை நோயாளியின் பக்கத்தில் வைத்தே அளக்க வேண்டும். ஒலியளவு காட்டும் செயலியொன்றை இன்னொரு கைத்தொலைபேசியில் நிறுவி, வாயிலிருந்து ஒரே தூரத்தில், உதாரணமாக 30 சென்ரிமீற்றரில், ஒவ்வொரு முறையும் வைக்கச் சொல்லி, எண்ணை வாசித்துச் சொல்லக் கேட்கலாம். அந்த எண் ஆய்வுகூட அளவீடு ஆகாது. என்றாலும் போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிட அது போதும்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, அழைப்பில் கேட்டதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வீட்டிலேயே கைத்தொலைபேசியில் பதிவு செய்து கோப்பாக அனுப்பச் சொல்வது நல்லது. வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டொக்கியுமன்ட்' என்ற தெரிவின் வழியே அனுப்பினால் பதிவு செய்தபடியே வந்துசேரும். சூம் செயலியில் 'ஒறிஜினல் சவுண்ட்' என்ற தெரிவை இயக்கிக்கொள்ளலாம். புளூடூத் இயர்ஃபோனைத் தவிர்ப்பது நல்லது: ஒலிவாங்கியாகவும் பயன்படும் வேளையில் அதன் ஒலித்தரம் பெரும்பாலும் தாழ்ந்துவிடுகிறது. கம்பியுள்ள சாதாரண இயர்ஃபோனே இந்த வேலைக்குப் பொருத்தமானது.

அடுத்த தவறு, கிளினிக்கில் நடந்த முக்கால் மணி நேரத்தை அப்படியே திரைக்கு மாற்றுவது. மூன்று வயதுப் பிள்ளை திரைமுன் அவ்வளவு நேரம் இருக்காது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. தொலைவிலிருந்து செய்யும்போது சிகிச்சையாளர் உண்மையில் பயிற்றுவிப்பது பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் அம்மாவையோ அம்மம்மாவையோதான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை எண்ணிப் பாருங்கள். அம்மா கைத்தொலைபேசியைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்திருக்கிறார். பிள்ளை வாழைப்பழத்தைக் காட்டி "ம்ம்" என்கிறது, அவர் உடனே உரித்துக் கொடுத்துவிடுகிறார். அந்த இடத்தில் ஐந்து விநாடி பொறுத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "பழம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் காத்திருக்கும்படி சொல்லிக் கொடுத்தால், அந்தப் பாடம் ஒரு நாளில் இருபது தடவை தானாக நடக்கும். திரையில் படம் காட்டிப் பெயர் கேட்கும் விளையாட்டுகளைவிட இதன் பலன் பெரிது. பத்து நிமிடம் இப்படிப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தைப் பெற்றோரோடு கதைப்பதற்குச் செலவிடுவதே என் கருத்தில் சரியான பங்கீடு.

மொழி பற்றிய ஒரு தவறான அறிவுரையும் கொழும்பில் அடிக்கடி காதில் விழுகிறது. வீட்டில் தமிழ், பாலர் பாடசாலையில் ஆங்கிலம், அயலில் சிங்களம் என்று வளரும் பிள்ளை தாமதமாகப் பேசினால், "ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலமே போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. பெற்றோர் தமக்குச் சரளமில்லாத மொழியில் பேசத் தொடங்கினால், பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவும் வளமும்தான் குறைந்துபோகும். சிகிச்சையாளருக்குத் தமிழ் வராத இடத்தில் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதும் தவறு. தம்பியின் குறையைத் தன் வாயால் அம்மாவுக்குச் சொல்லும் சுமை பத்து வயது அக்காவின் தலையில் விழக்கூடாது. அவள் தம்பியின் பிழையான சொல்லைத் திருத்திச் சொல்லிவிடவும் கூடும்.

செவிப்புலன் பக்கம் வந்தால், கைத்தொலைபேசிச் செயலியில் செய்த பரிசோதனையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதே முதல் ஆபத்து. பரிசோதனைக் கருவியின் ஒவ்வொரு ஒலியும் அளந்து சரிபார்க்கப்பட்டது. வீட்டு இயர்ஃபோன் அப்படியானதல்ல. மின்விசிறியும் வீதி இரைச்சலும் 250, 500 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலிகளை மூடிவிடுவதால், நல்ல காதிலும் குறை இருப்பதாகக் காட்டும். நோயாளி இருக்கும் இடத்தில் சரிபார்க்கப்பட்ட கருவியும் பயிற்சி பெற்ற உதவியாளரும் இருந்து, நிபுணர் கணினி வழியே அக்கருவியை இயக்கினால் அது நம்பத்தக்க பரிசோதனை. அந்த ஏற்பாடு இல்லாதபோது கிடைப்பது ஒரு சந்தேகக் குறிப்பு மட்டுமே.

கைக்குழந்தைகள் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. தட்டைத் தட்டினேன், பிள்ளை திரும்பிப் பார்த்தது, ஆகவே காது கேட்கிறது என்று வீட்டார் சொல்வார்கள். பெரிய சத்தத்துக்கும் அதிர்வுக்கும் நிழலசைவுக்கும் திரும்பும் பிள்ளைக்கு, பேச்சில் வரும் மெல்லிய மெய்யொலிகள் கேட்காமலே இருக்கலாம். பிறந்து 1 மாதத்துக்குள் முதற்பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் என்பதே உலகளவில் ஏற்கப்பட்ட வரம்பு. இதற்கான கருவிப் பரிசோதனைகளைத் திரை வழியே செய்ய முடியாது. நிலைமை தளரட்டும் என்று தள்ளிப்போடவும் கூடாது.

செவிப்புலன் கருவியைப் பராமரிக்கக் கற்பிப்பதைத் தொலைவிலிருந்தே நன்றாகச் செய்யலாம். கருவி கீச்சிட்டால் ஒலியைக் குறைக்கும்படி சொல்லி அழைப்பை முடித்துவிடுவது பலர் செய்யும் பிழை. பிள்ளை வளர்ந்து, கருவியைக் காதுக்குள் பொருத்தும் காது அச்சு தளர்ந்திருக்கலாம், காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், அச்சைச் சரியாகச் செருகாமலும் இருந்திருக்கலாம். ஒலியைக் குறைத்தால் கீச்சு நிற்கும், அதோடு பேச்சும் கேட்காமல் போகும். கைக்குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே புது அச்சு தேவைப்படும் என்பதால், அச்சு எடுப்பதற்கு மட்டுமாவது நேரில் வரும் ஏற்பாடு இருக்க வேண்டும். பற்றரியின் ஒட்டியை உரித்தவுடனேயே அது தீரத் தொடங்கிவிடும், திரும்ப ஒட்டினாலும் பயனில்லை என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றுக்கு, இரவில் கருவியை ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய டப்பாவில் வைப்பது அவசியம். தினமும் காலையில் பிள்ளைக்கு உதடு தெரியாதபடி நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் சொல்லிப் பார்க்கப் பெற்றோரைப் பழக்கினால், கருவியில் பழுது வந்த அன்றே அது தெரிந்துவிடும்.

காது கேளாதவரோடு கதைக்கும்போது, யன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டு உதடு தெரியாது. தனி அறையில் இருந்துகொண்டு முகக்கவசம் அணிந்திருப்பதும் அவ்வாறே தடையாகும்.

இரண்டு நிலைமைகளில் தொலைவழிச் சேவைக்கு இடமே இல்லை. ஒரு காதோ இரண்டுமோ ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் கேட்காமல் போனால், அடுத்த வாரம் சூமில் பார்ப்போம் என்று திகதி கொடுக்கக் கூடாது. ஸ்டீரொயிட் சிகிச்சை விரைவில், அதிகபட்சம் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், அவர் உடனே காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். பாரிசவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவருக்கு முதன்முதலாக நீரோ கஞ்சியோ கொடுத்துப் பார்ப்பதைத் திரைவழியே செய்யவும் கூடாது. இருமலே இல்லாமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுண்டு. அதைத் திரை காட்டாது. ஏற்கெனவே நேரில் மதிப்பிடப்பட்டவருக்கு அறிவுரை சொல்லும் அழைப்பிலும், அவர் இருக்கும் சரியான முகவரியையும் இன்னொரு தொலைபேசி இலக்கத்தையும் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டால், புரையேறினால் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியுலன்ஸை எங்கே அனுப்புவது என்று தடுமாற நேராது.

அழைப்பு முடிந்ததும் கோப்பில் எழுதும் குறிப்பிலும் கவனம் வேண்டும். எந்தக் கருவியில், எந்தச் செயலியில், யார் பக்கத்தில் இருக்கப் பார்த்தோம், எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால், பிறகு பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கோ றாகமையிலுள்ள சிகிச்சை நிலையத்துக்கோ அந்தப் பிள்ளை நேரில் போகும்போது, அங்குள்ளவர் எதை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்.