குரோஷே ஊசியை மறுபடி கையில் எடுப்பவர்களுக்கு

பள்ளிக்கூடக் கைவேலை வகுப்பில் குரோஷே படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை, வேலை என்று ஆனபின் ஊசியை அலமாரிக்குள் போட்டுவிட்ட பெண்கள் எங்கள் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அது திண்டின் மேல் பல கட்டைகளை வைத்துப் பின்னுகிற வேறு வகை. குரோஷேக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி போதும். அந்த ஊசியைத் திரும்ப எடுத்து, வருகிற கிறிஸ்துமஸுக்கோ ஓணத்துக்கோ தன் கையால் ஒரு பரிசு கொடுக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எத்தனை வருடம் ஆனாலும் கை மறக்காது, கண்தான் மறந்துபோயிருக்கும். நூலை விரலில் சுற்றி ஊசியை ஓட்டியதும் சங்கிலி தானாக விழத் தொடங்கும். ஆனால் எது முதல் கண்ணி, எது கடைசிக் கண்ணி என்று பார்க்கத் தெரியாது. அதனால் சதுரமாகத் தொடங்கிய துணி வரிசைக்கு வரிசை ஒடுங்கி முக்கோணமாகிவிடும். நிறையப் பேர் அந்த இடத்தில் மனம் விட்டு ஊசியை மீண்டும் உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே முதல் வாரம் பரிசைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த பருத்தி நூல், 3.5 அல்லது 4 மி.மீ. அலுமினிய ஊசி, இவை போதும். கருப்பு நூலில் கண்ணி தெரியாது. 20 கண்ணி அகலத்துக்கு டபுள் குரோஷேயில் (ஊசியில் ஒரு தடவை நூலைச் சுற்றிப் போடுகிற உயரமான கண்ணி) ஒரு துண்டு பின்னுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நிறுத்தி, மேல் விளிம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் சாய்ந்து, படுத்த ‘வி’ எழுத்துப் போலக் கிடக்கும். அதை எண்ணுங்கள். வரிசையின் தொடக்கத்தில் மேலே ஏறுவதற்குப் போடுகிற 3 சங்கிலியே அந்த வரிசையின் முதல் கண்ணி. திரும்பி வரும்போது கடைசிக் கண்ணியை அந்த மூன்றாவது சங்கிலியின் தலையில் போட வேண்டும். அது மற்றவற்றைப் போல நிமிர்ந்து நிற்காது; ஓரமாக மடிந்து ஒளிந்துகொண்டிருக்கும். துணி ஒடுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதை விட்டுவிடுவதுதான். அங்கே ஒரு சேஃப்டி பின் மாட்டி வையுங்கள். சில நாளில் பின் இல்லாமலே கண் கண்டுபிடித்துவிடும்.

செய்முறைத் தாள் பார்த்துப் பின்னுபவர்கள் அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தாளில் சிங்கிள் (நூலைச் சுற்றாமல் போடுகிற குட்டையான கண்ணி) என்பது பிரிட்டிஷ் தாளில் டபுள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க முறை. தாளில் சிங்கிள் குரோஷே என்று ஓரிடத்தில் இருந்தாலும் அது அமெரிக்க முறைதான். இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

நூலைப் பொறுத்தவரை எங்கள் ஊருக்குப் பருத்திதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற நாடு இது. இடையிலும் வியர்வைதான். அக்ரிலிக் உல்லன் மலிவு, நிறங்களும் அதிகம். பைக்கும் பொம்மைக்கும் சரி, தோலில் படும் பொருளுக்கு வேண்டாம். மெல்லிய குரோஷே நூலில் எண் கூடக்கூட நூல் மெலியும்: 10-ஆம் எண்ணைவிட 20 மெல்லியது. ஒரே பொருளுக்கு வேண்டிய உருண்டைகளை ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் இருக்கும் சாயத் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். வேறு தொகுதி என்றால் வெள்ளைகூட நிறம் மாறித் தெரியும். இங்கே கிடைக்காததற்கு ரயிலேறித் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவுக்குப் போனால், நூலோடு கோக்கிற மணியும் பார்த்து வாங்கலாம். பழைய எஃகு ஊசி வைத்திருப்பவர்கள் அதை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். துரு ஒட்டினால் அந்த ஊசியை விட்டுவிடுங்கள்.

இனி பரிசு. எதைப் பின்னலாம் என்று தொடங்காமல், யாருக்கு, அவர் வீட்டில் எந்த இடத்தில் அது இருக்கும் என்று தொடங்குவதே என் வழக்கம். கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையில் இருக்கும் என் மைனி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போதும் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு கண்ணாடி ஜக்கில் சிவப்பாக இருக்கும். அந்த ஜக்கைப் பார்த்ததும் என்ன பின்ன வேண்டும் என்று முடிவாகிவிட்டது: ஓரத்தில் மணி கோத்த வெள்ளை மூடி. கேட்டதும் அவர் சொன்னார், “மணி கனமாக இருக்கட்டும் மக்களே, ஃபேன் போட்டால் பறக்கக் கூடாது.” சரியான பேச்சு. பிளாஸ்டிக் மணி நிற்காது. கண்ணாடி மணிதான் வேண்டும்.

செய்முறை இது. 20-ஆம் எண் வெள்ளை நூல், 1.25 மி.மீ. எஃகு ஊசி. 6 சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) வளையமாக்குங்கள். முதல் சுற்றில் ஏறுகிற 3 சங்கிலியையும் சேர்த்து 12 டபுள் குரோஷே. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 24. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 36. இப்படிச் சுற்றுக்கு 12 கூடிக்கொண்டே போக வேண்டும். வட்டம் கிண்ணம்போலக் குவிந்தால் கூட்டியது போதவில்லை. ஓரம் அலை அலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம். எண்ணிக்கை சரியாக இருந்தும் குவிந்தால் உங்கள் கை இறுக்கம், ஊசியை ஓர் அளவு பெரிதாக்குங்கள். ஜக்கின் வாயை அளந்து, சுற்றிலும் 2 செ.மீ. தொங்கும் அளவில் நிறுத்துங்கள். என் கையில் 13 சுற்றுக்கு ஏறக்குறைய 14 செ.மீ. வருகிறது.

13-ஆம் சுற்றில் 156 கண்ணி இருக்கும். 6 கண்ணிக்கு ஒரு மணி என்றால் 26 மணி. அந்தச் சுற்றை முடித்து நூலை வெட்டி, உருண்டையின் நுனியில் 26 மணியையும் கோத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள்: ஒரு சிங்கிள் குரோஷே, 4 சங்கிலி, ஒரு மணியை ஊசி அருகே தள்ளி அதைப் பூட்டுகிற மாதிரி இறுக்கமாக ஒரு சங்கிலி, பிறகு 4 சங்கிலி, 5 கண்ணி விட்டு ஆறாவதில் சிங்கிள். மணியின் துளை நூலுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே கோத்துப் பார்த்து வாங்குங்கள்.

பச்சிளங்குழந்தைக்குத் தொப்பி என்றால் இதே வட்டந்தான், மென்மையான பருத்தியில். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 34, 35 செ.மீ. இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் 33 போதும். 33-ஐ 3.14-ஆல் வகுத்தால் 10.5. வட்டம் 10.5 செ.மீ. ஆனதும் கூட்டுவதை நிறுத்தி, அதே எண்ணிக்கையில் இன்னும் 8 செ.மீ. இறங்குங்கள். கழுத்தில் கட்டும் கயிறு வைக்காதீர்கள். தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லியும் கொடுங்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொம்மை பின்னினால் பிளாஸ்டிக் கண்ணோ மணியோ வேண்டாம். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள்.

கைவேலை கடைவேலைபோல நேர்த்தியாகத் தெரிவது கடைசி அரைமணி நேரத்தில்தான். நூல் நுனியை 15 செ.மீ. நீளம் விட்டு வெட்டி, மொட்டை ஊசியால் ஒரு திசையில் கோத்து, திருப்பி எதிர்த்திசையில் கோத்து, மூன்றாவது தடவையும் ஓட்டியபின் நறுக்குங்கள். முடிச்சை மட்டும் நம்பினால் இரண்டு சலவையில் அவிழ்ந்துவிடும். பிறகு பருத்தியில் பின்னியதைத் தண்ணீரில் நனைத்து, தேங்காய்ப்பூத் துண்டில் ஒற்றி, மெத்தை மேல் விரித்து, சுற்றிலும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தி மின்விசிறியின் கீழ் காயவையுங்கள். மழைக்காலத்தில் முழுதாகக் காயாமல் கவரில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது, இழை உருகிப் பளபளத்து உயிரற்றுப் போகும்.

கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பதானால் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் காயவைப்பது பெரும்பாடு. பொதிந்து கொடுக்கும்போது உள்ளே ஒரு சிறு சீட்டு வையுங்கள்: என்ன நூல், குளிர்ந்த தண்ணீரில் கையால் துவைக்க வேண்டும், பிழியக் கூடாது, நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும். எல்லை தாண்டிப் போகும் பரிசென்றால் நான் அதையே மலையாளத்திலும் எழுதிவிடுவேன், துவைக்கிற கைக்கு எந்த மொழி வாசிக்க வரும் என்று முன்கூட்டியே தெரியாதல்லவா?