அமெரிக்க உள்நாட்டுப் போரின் முக்கியச் சமர்களை உயர்நிலை வகுப்பில் கற்பிக்கும் முறை

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான மோதல்கள் நிகழ்ந்தன. அவற்றுள் பெரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தேதி வாரியாகச் சொல்லிச் சென்றாலும், சில நாள்களிலேயே தளபதிகளின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் மாணவர் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்தப் பாடத்தை முதன்முறையாக எடுக்கவிருக்கும் ஆசிரியருக்காக எழுதப்படும் இவ்விளக்கம் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்துள்ளது: இந்தச் சமர் முடிந்தபின் எது மாறியது? இக்கேள்விக்குத் தெளிவான விடை தரும் சமர்களை விரிவாகக் கற்பியுங்கள். விடை தராதவற்றைப் பெயரளவில் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

படி 1: துப்பாக்கிக்கு முன் காரணம்

முதல் பாடவேளையில் எந்தச் சமரையும் தொட வேண்டாம். 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர் என்பதையும், லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தது என்பதையும், பிரிந்த மாநிலங்களின் எண்ணிக்கை பின்னர் 11 ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள் (இவையே இங்கு தெற்கு; பிரியாமல் ஒன்றியத்தில் நின்றவை வடக்கு). அடுத்து, மிசிசிப்பி மாநிலம் பிரிவுக்கான காரணங்களை விளக்கி வெளியிட்ட அறிக்கையின் தொடக்கப் பகுதியை மாணவர்களே படிக்கட்டும். தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. போரின் காரணம் மாநில உரிமையா, வரியா, அடிமை முறையா என்று வகுப்பில் எழும் விவாதத்துக்கு ஆசிரியரின் சொற்பொழிவைவிட இந்த ஒரு பகுதி நன்றாக விடை சொல்லும். இந்த அடித்தளம் இல்லாமல் களத்துக்குள் நுழைந்தால், பின்வரும் சமர்கள் அனைத்தும் இரு அணிகளின் ஆட்டமாகவே தோன்றும்.

படி 2: வரைபடம்

இரண்டாம் பாடவேளை முழுவதையும் வரைபடத்துக்குக் கொடுங்கள். வெற்றுத்தாளில் மாணவர்கள் தாங்களே வரைய வேண்டியவை சிலவே: மிசிசிப்பி ஆறு, அப்பலாச்சியன் மலைத்தொடர், பொட்டாமக் ஆறு, வடக்கின் தலைநகர் வாஷிங்டன், தெற்கின் தலைநகர் ரிச்மண்ட், விக்ஸ்பர்க், அட்லாண்டா, தெற்கின் நீண்ட கடற்கரை. இரு தலைநகரங்களுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான் என்பதை அவர்களே அளந்து கண்டறியட்டும். கிழக்குக் களத்தில் படைகள் ஏன் நான்கு ஆண்டுகள் அதே நிலப்பரப்பில் முன்னும் பின்னும் நகர்ந்தன என்பது அப்போது விளங்கும்.

இருப்புப் பாதைகளை வேறு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். 1861 ஜூலை 21 அன்று நடந்த முதலாம் புல் ரன் சமரில் தெற்கு வென்றதற்கு, ஷெனான்டோவா பள்ளத்தாக்கிலிருந்து தென்னகத் தளபதி ஜோசப் ஜான்ஸ்டனின் படைகள் ரயிலில் வந்து சேர்ந்தது ஒரு முக்கியக் காரணம். 1864இல் அட்லாண்டாவும் பீட்டர்ஸ்பர்க்கும் இலக்குகளானதற்கு, அவை இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்புகள் என்பது காரணம். சில சமர்களுக்கு இரண்டு பெயர்கள் வழங்குவதால், புல் ரன்னும் மனாசஸும் ஒன்றே, ஆன்டீட்டமும் ஷார்ப்ஸ்பர்க்கும் ஒன்றே என்று வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் செய்வது பின்னர் தேடிப் படிக்கும்போது உதவும்.

படி 3: தேர்வு

சம்டர் கோட்டை, முதலாம் புல் ரன், ஆன்டீட்டம், கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க், வாக்னர் கோட்டை, அட்லாண்டா, பீட்டர்ஸ்பர்க் ஆகிய எட்டும் பள்ளி வகுப்புக்குப் போதும் என்பது என் கருத்து. சான்சலர்ஸ்வில் விடுபட்டுவிட்டதே என்று போர்க்கலை ஆர்வலர்கள் வருந்துவார்கள். தென்னகத் தளபதி ராபர்ட் லீயின் துணிச்சலான வெற்றி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் நமது கேள்விக்கு அது தரும் விடை சிறியது. ஷைலோவை மட்டும் நேரமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்: 1862 ஏப்ரலில் இரண்டே நாள்களில் இரு தரப்பிலும் சேர்த்து 23,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டும் காயப்படுத்தியும் சிறைப்படுத்தியும் முடிந்த அச்சமர், போர் விரைவில் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கையை இரு பக்கமும் குலைத்தது.

முதல் இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஒன்றியப் படை தங்கியிருந்த சம்டர் கோட்டை மீது தெற்கு பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. லிங்கன் 75,000 தன்னார்வப் படையினரை அழைத்தார். அவர்களுக்குக் குறிக்கப்பட்ட சேவைக்காலம் 90 நாள்கள். இந்த 90 என்ற எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, பாடம் முழுதும் அழிக்காமல் விட்டுவையுங்கள்.

படி 4: ஒரு சமரை முழுமையாக

எட்டில் ஒன்றை மட்டும் மணிக்கணக்கில் பிரித்துக் கற்பியுங்கள். அதற்கு ஆன்டீட்டமே பொருத்தமானது. களம் சிறியது, நிகழ்வு ஒரே நாளில் அடங்குகிறது, விளைவோ மிகப் பெரியது.

1862 செப்டம்பரில் லீ பொட்டாமக்கைக் கடந்து மேரிலாந்துக்குள் நுழைந்தார். அவர் தம் படையைப் பல பிரிவுகளாகப் பிரித்து அனுப்பிய ஆணையின் நகல் ஒன்று, சுருட்டுகளைச் சுற்றிய நிலையில் வட தரப்புப் படைவீரர்களின் கையில் செப்டம்பர் 13 அன்று கிடைத்தது. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "நீங்கள் வட தரப்புத் தளபதி மெக்கிளெல்லன், இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதித் தரச் செய்யுங்கள். ஏறத்தாழ எல்லோரும் உடனே தாக்குவோம் என்றே எழுதுவார்கள். மெக்கிளெல்லனின் முழுத் தாக்குதல் செப்டம்பர் 17 அன்றுதான் தொடங்கியது என்று அதன்பின் சொன்னால், தளபதியின் குணமும் ஒரு வரலாற்றுக் காரணி என்பதை அவர்கள் தாமே உணர்வார்கள். கையில் கிடைத்த ஆணை உண்மையானதா, எதிரியின் படை எவ்வளவு பெரியது என்று அவர் எப்படி அறிந்திருக்க முடியும் என்ற எதிர்க்கேள்வியையும் எழுப்புங்கள். முடிவு தெரிந்த பின் தீர்ப்புச் சொல்வது எளிது.

அன்றைய சமரை மூன்று இடங்களாகப் பிரித்துக் காட்டலாம். காலையில் சோளக்கொல்லை, நண்பகலை ஒட்டிப் பள்ளமான வண்டிப்பாதை, பிற்பகலில் வட தரப்புத் தளபதி பர்ன்சைடின் படைகள் கடக்க முயன்ற கற்பாலம். மாலையில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்து விரைந்து வந்த ஏ. பி. ஹில்லின் பிரிவு லீயைக் காப்பாற்றியது. அந்த ஒரு நாளில் கொல்லப்பட்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் எல்லாம் சேர்த்து இரு தரப்புக்கும் ஏறத்தாழ 22,700 பேர் இழப்பு. அமெரிக்கப் படை வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு பேரை இழந்த சமர் வேறில்லை.

களத்தைப் பொறுத்தவரை யாருக்கும் முழு வெற்றி இல்லை. 18ஆம் தேதி இரவு லீ பின்வாங்கினார், அவ்வளவே. நமது கேள்வியை இங்கே கேளுங்கள். லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடன வரைவை ஜூலையிலேயே அமைச்சரவையிடம் காட்டியிருந்தார். களத்தில் ஒரு வெற்றி கிடைக்கும்வரை பொறுக்கும்படி வெளியுறவு அமைச்சர் சீவர்ட் அறிவுரை சொல்லியிருந்தார். லீயின் பின்வாங்கல் அந்த வாய்ப்பைத் தந்தது. செப்டம்பர் 22 அன்று முன்னறிவிப்பு வெளியாகி, 1863 ஜனவரி 1 முதல் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. கிளர்ச்சி நடந்த பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஒன்றியத்தில் நீடித்த எல்லை மாநிலங்களின் அடிமைகளுக்கு அது விடுதலை தரவில்லை. ஆயினும் போரின் நோக்கம் மாறிவிட்டதால், பிரிட்டனும் பிரான்சும் தெற்கை வெளிப்படையாக அங்கீகரிப்பது கடினமாயிற்று.

படி 5: இரட்டைப் பாடம்

கெட்டிஸ்பர்க்கைத் தனியே கற்பிக்க வேண்டாம். 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவில் வடக்கின் தளபதி மீட், தெற்கின் லீ இருவரின் படைகளும் மோதின. மூன்றாம் நாள் ஏறத்தாழ 12,500 தென்னகப் படைவீரர்கள் திறந்தவெளியில் நடந்து சென்று தாக்கி முறியடிக்கப்பட்டனர். லீ பின்வாங்கத் தொடங்கிய ஜூலை 4 அன்றே, மிசிசிப்பிக் கரையில் விக்ஸ்பர்க் நகரம் வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது.

வகுப்பை இரு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவும் தன் சமரே பெரியது என்று வரைபடத்தைக் காட்டி வாதிடட்டும். விக்ஸ்பர்க் குழுவுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், ஏனெனில் அவர்கள் சொல்ல வேண்டியது அதிகம்: சதுப்பு நிலங்கள் வழியாகவும் கால்வாய் வெட்டியும் கிராண்ட் செய்த முயற்சிகள் தோற்றமை, ஏப்ரலில் இரவு நேரத்தில் கப்பல்கள் பீரங்கிகளுக்கு முன்னால் கடந்து சென்றமை, படைகள் தெற்கே ஆற்றைக் கடந்து கிழக்கிலிருந்து நகரை அடைந்தமை, மே மாதத் தாக்குதல்கள் பலிக்காமல் முற்றுகை தொடங்கியமை, நகர மக்கள் குன்றுகளில் குகை தோண்டி வாழ்ந்தமை, இறுதியில் ஏறத்தாழ 29,000 படைவீரர்களுடன் தென்னகத் தளபதி பெம்பர்டன் பணிந்தமை. சில நாள்களில் ஆற்றங்கரையில் தெற்கிடம் எஞ்சியிருந்த போர்ட் ஹட்சன் கோட்டையும் விழுந்ததால் ஆறு முழுவதும் வடக்கின் கைக்கு வந்து, தெற்கு இரண்டாகப் பிளவுபட்டது. மாணவர்கள் தாங்கள் வரைந்த படத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே உள்ள மாநிலங்களைக் கோடிட்டு வெட்டிக் காட்டட்டும். எது பெரியது என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை; என் வாக்கு விக்ஸ்பர்க்குக்கே.

படி 6: வாக்னர் கோட்டை

1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையை, கறுப்பினப் படைவீரர்கள் அடங்கிய 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவு முன்னணியில் நின்று தாக்கியது. தாக்குதல் தோற்றது, அவர்களின் தளபதி ராபர்ட் கூல்ட் ஷா கொல்லப்பட்டார். தோல்வியாக முடிந்த ஒரு சமர் எதை மாற்ற முடியும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கறுப்பினத்தவர் போரிடுவார்களா என்ற ஐயத்தை வடக்கில் அது பெருமளவு போக்கியது; போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையில் சேர்ந்திருந்தனர்.

ஊதியக் கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள். வெள்ளையினப் படைவீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பினத்தவருக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். 54ஆம் பிரிவினர் குறைந்த ஊதியத்தை வாங்க மறுத்தே பணியாற்றினர். 1864இல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம ஊதியத்தை ஏற்றது. சிறைப்பட்ட கறுப்பினத்தவரைப் போர்க் கைதிகளாக நடத்தத் தெற்கு மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவர்கள் ஏற்ற ஆபத்தின் அளவு புரியும்.

படி 7: களமும் வாக்குப்பெட்டியும்

1864 ஆகஸ்ட் 23 அன்று, தாம் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படப்போவதில்லை என்றே தோன்றுகிறது என்று எழுதிய தாளை மடித்து, உள்ளடக்கத்தைக் காட்டாமலே அதன் பின்புறத்தில் அமைச்சர்களிடம் லிங்கன் கையொப்பம் பெற்றார். செப்டம்பர் 2 அன்று வடக்கின் தளபதி ஷெர்மனின் படைகளிடம் அட்லாண்டா வீழ்ந்தது. நவம்பரில் லிங்கன் வென்றார். அவரை எதிர்த்து நின்றவர் ஆன்டீட்டத்தில் தயங்கிய அதே மெக்கிளெல்லன். இந்த மூன்று செய்திகளையும் இதே வரிசையில், இடையில் விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லிவிட்டு, அவற்றை இணைக்கும் பொறுப்பை மாணவர்களிடம் விடுங்கள்.

பீட்டர்ஸ்பர்க்கை அதன் பதுங்குகுழிப் படம் ஒன்றைக் காட்டிச் சுருக்கமாக முடிக்கலாம். ஒன்பது மாதங்களுக்கும் மேல் நீண்ட அம்முற்றுகை 1865 ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்ததும் ரிச்மண்ட் கைவிடப்பட்டது. ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டக்ஸில் லீ சரணடைந்தார். மூலையில் எழுதிய 90ஐ இப்போது சுட்டிக்காட்டலாம்.

படி 8: எண்களையும் படங்களையும் ஐயுறுதல்

கெட்டிஸ்பர்க்கில் 51,000 பேர் இறந்தனர் என்று மாணவர் எழுதுவது மிகப் பரவலான பிழை. அது நால்வகை இழப்பின் கூட்டுத்தொகை; களத்திலேயே கொல்லப்பட்டோர் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. போர் முழுவதிலும் இறந்த படைவீரர்கள் 6,20,000 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வு அதை ஏறத்தாழ 7,50,000 ஆக உயர்த்தியுள்ளது. அவர்களுள் பெரும்பகுதியினரைக் கொன்றது குண்டு அன்று, நோய்.

படங்களிலும் இதே கவனம் தேவை. அக்காலக் கருவிகளால் அசைவைப் பிடிக்க இயலாததால், களப்படங்கள் சமர் முடிந்தபின் எடுக்கப்பட்டவை. கெட்டிஸ்பர்க்கில் அலெக்சாண்டர் கார்ட்னர் வெளியிட்ட புகழ்பெற்ற படம் ஒன்றில், வேறிடத்தில் கிடந்த படைவீரரின் உடல் கற்சுவரருகே கொண்டுவந்து கிடத்தப்பட்டது என்பது பின்னர் நிறுவப்பட்டது. அதே உடல் இரண்டு இடங்களில் காணப்படும் படங்களை அடுத்தடுத்து வைத்து, மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இப்படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மாணவர்களைப் படைவீரர்களாக நிறுத்தி, ஒவ்வொருவராகச் "செத்து விழ" வைக்கும் நடிப்புப் பயிற்சியைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள், வகுப்பு சிரிப்பில் முடியும். அடிமைகளாக நடிக்கச் சொல்வதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

படி 9: மதிப்பீடு

தேதி கேட்கும் வினாத்தாளுக்குப் பதிலாக ஒரு பக்கக் கட்டுரை போதும். மாணவர் ஒரு சமரைத் தேர்ந்து, அதற்கு முந்திய நாளின் நிலை, அடுத்த மூன்று மாதங்களில் மாறியவை, அம்மாற்றம் சமரால்தான் நேர்ந்தது என்பதற்கான சான்று ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். பாதி மதிப்பெண்ணை மூன்றாம் பகுதிக்கு ஒதுக்குங்கள். ஒரு சமருக்குப் பின்னால் நடந்தது எல்லாம் அதனாலேயே நடந்தது என்று எழுதுபவருக்கு அந்தப் பாதியைத் தர வேண்டாம். தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒருமுறை திருத்தி எழுத வாய்ப்புக் கொடுங்கள்.