புகைபோக்கி உழவாரன்களை எண்ணுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கனடாவின் ஒன்டாரியோ பக்கம், மே மாதம் பிறந்ததும் பழைய செங்கல் புகைபோக்கிகளுக்கு விருந்தாளிகள் வந்துவிடும். குளிர்காலத்தை அமேசான் படுகையில் கழித்துவிட்டுத் திரும்பும் புகைபோக்கி உழவாரன்கள் (Chimney Swift) என்ற சிறு பறவைகள். எடை 20 கிராம் சொச்சம். கிளையில் உட்காரத் தோதில்லாத கால்கள், செங்குத்துச் சுவரைப் பற்றித் தொங்கத்தான் தெரியும். கனடா இதை 2009இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது. மாலையில் அடைய வரும் பறவைகளை ஊர்க்காரர்களே எண்ணிச் சொல்ல 'பேர்ட்ஸ் கனடா' அமைப்பின் 'ஸ்விஃப்ட்வாட்ச்' திட்டம் இருக்கிறது. நாற்காலி, கொசுவிரட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

புதியவர்கள் கோட்டை விடுவது வானத்தைப் பார்த்துத்தான். அடைவதற்கு முன் கூட்டம் கீச்சிட்டபடி புகைபோக்கிக்கு மேல் சுழலும். முதல் நாள் நான் அந்தச் சுழலை எண்ணி எண்பதைத் தாண்டிவிட்டேன். உள்ளே போனவை 31! ஒரே பறவை நாலைந்து தரம் என் முன்னால் சுற்றி வந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க ஆசைதான், ஆனால் கண் புகைபோக்கியின் வாயை விட்டு நகரக் கூடாது.

அங்கேயும் ஏமாற்று உண்டு. சிறகை உயர்த்தி, இறங்கப்போவது போலவே வரும், கடைசி நொடியில் விலகிவிடும். விளிம்புக்குக் கீழே மறைந்தால்தான் ஒன்று. உள்ளே போனது மறுபடி வெளியே வந்தால் கழித்துவிடுங்கள். இருவர் போனால் ஒருவர் நுழைபவற்றையும் மற்றவர் வெளியேறுபவற்றையும் எண்ணலாம். கும்பலாக விழத் தொடங்கினால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்துப் பத்தாக மதிப்பிட்டு, ஒவ்வொரு பத்துக்கும் கிளிக்கரை (எண்ணிக்கைக்கான கைக்கருவி) ஒரு தட்டுத் தட்டுங்கள், அது இல்லையென்றால் நோட்டில் ஒரு கோடு போடுங்கள்.

அப்புறம் நேரம். சூரியன் மறைய அரைமணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். பெருங்கூட்டம் இறங்கியதும் நாற்காலியை மடிக்கிறவர்கள் அதிகம். நன்றாக இருட்டிய பிறகும் ஒன்றிரண்டு வந்து சேரும். அந்த நேரத்தில் வௌவாலும் கிளம்பும் என்பதால் கவனம் தேவை. பூஜ்யம் வந்த நாளைப் பதியாமல் விடுவதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டும். எதுவும் வரவில்லை என்பதும் தகவல்தானே?

பார்க்க இதைப் போலவே இருக்கும் தகைவிலான் (Swallow) பறவையை உழவாரன் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை.

ஒரு புகைபோக்கியில் இரண்டே பறவைகள் போய் வந்தால் "இது உதவாது" என்று கைவிடாதீர்கள். கூடு இருக்கலாம். ஒரு புகைபோக்கிக்குப் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் கூடு கட்டும். சிறு குச்சிகளை எச்சிலால் சுவரில் ஒட்டி, பாதிக் கிண்ணம் போலச் செய்திருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். குஞ்சுகளின் இரைச்சல் தாங்காமல் ஜூலையில் புகைபோக்கி துடைக்க ஆள் கூப்பிட்டுவிடுவார்கள். இவை சட்டப் பாதுகாப்புள்ள பறவைகள். துடைக்கிற வேலையைப் பறவைகள் கிளம்பிப் போன பிறகு, இலையுதிர் காலத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். உள்ளே வழுக்கும் உலோகக் குழாய் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. பறவைக்குப் பிடி கிடைக்காது, விழுந்தால் ஏற முடியாது. அதற்கு மூடி போடச் சொல்லுங்கள், அதுவும் பறவைகள் வருவதற்கு முன்பே.