நாக்கு மாறியதா, பீர் மாறியதா? ஒரு சாயங்காலத்தில் கண்டுபிடிக்கும் வழி

பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஐம்பதைத் தொட்டவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்: "முன்ன மாதிரி பீரு இப்ப இல்லீங்க." கோல்டன் ஈகிள், கல்யாணி பிளாக் லேபிள் என்று பழைய பெயர்களைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இன்னொருவர், "பீரெல்லாம் அப்படியேதான் இருக்கு, எனக்குத்தான் கசப்பு ஒத்துக்கறதில்லை" என்பார். இரண்டு பேருமே சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு பாட்டில், மூன்று எவர்சில்வர் டம்ளர், குடிக்காத ஒரு ஆள், இவ்வளவு போதும்.

கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21. அதற்குக் கீழே இருக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்பை நக்கின மாதிரி ஒரு சுவையைக் கொடுக்கும். காலையில் காபி குடிக்கும்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ராத்திரி பீர் குடிக்கும்போது மட்டும் "கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்று கத்துவார்கள். பல்லுக்கும் வயிற்றுக்கும் எழுதித் தரும் மெட்ரோனிடசோலும் அதே இரும்புச் சுவையைத் தரும். அந்த மாத்திரை ஓடும் நாட்களில் பீரே கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை எது சாப்பிட்டாலும், குடிக்கலாமா என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். சளி பிடித்திருந்தாலும் சோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு மோப்பம் முழுசாகத் திரும்பாதவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது லேபிள். லாகர் என்கிற, நாம் வழக்கமாகக் குடிக்கும் சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஸ்ட்ராங் என்று போட்டால் 8 வரை போகும். இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 650 மி.லி. பாட்டிலில் 8 சதவீதம் என்றால் 52 மி.லி. சுத்த ஆல்கஹால். பிராந்தி 42.8 சதவீதம், 60 மி.லி. லார்ஜ் ஒன்றில் 26-க்குச் சற்றுக் குறைவு. ஆக, "நான் ஹாட் தொடறதே இல்லை, ஒரு ஸ்ட்ராங்கோட சரி" என்று சொல்பவர் ரெண்டு லார்ஜ் போட்டிருக்கிறார். வயது ஏற ஏற உடம்பில் நீரின் அளவு குறைகிறது. அதனால் முப்பதில் குடித்த அதே அளவு ஐம்பதில் ரத்தத்தில் அதிகமாக ஏறும். மறுநாள் காலைத் தலைவலியை நினைத்துக்கொண்டு "இந்த பீர் எனக்குப் பிடிக்கலை" என்று நாக்கின் மேல் பழி போடுவது ரொம்ப சகஜம்.

இந்த ஸ்ட்ராங் பழக்கமே பலருக்கு நாக்கு கேட்டு வந்ததில்லை என்பது என் கட்சி. 2014-இல் கேரளத்தில் ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூடினார்கள். பல இடங்கள் பீர், ஒயின் பார்லராக மாறின. 2017-இல் மூன்று நட்சத்திரம் முதல் மறுபடி திறந்தார்கள். வயது வரம்பு 21-இலிருந்து 23 ஆனதும் அந்த வருடக் கொள்கையில்தான். நடுவில் இருந்த அந்தக் காலத்தில், பிராந்தி மட்டுமே தொட்ட என் சேக்காளிகள் பார்லருக்குப் போய் உட்கார்ந்தார்கள். கிக் போதாமல் ஸ்ட்ராங்கில் நின்றார்கள். பார் திறந்த பிறகும் அதை விடவில்லை. இன்று கேட்டால் "அந்தக் கசப்புதான் எனக்குப் பிடிச்சது" என்பார்கள். சட்டம் வாங்கிக் கொடுத்த ருசி அது.

சரி, பாட்டில் வாங்குவோம். கேரள அரசு மதுக்கடையான பெவ்கோ ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பூட்டியிருக்கும். அதற்கு முந்தின நாள் நிற்கிற வரிசையில் தயாரிப்புத் தேதி பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் முதுகில் கை வைத்துவிடுவார். மாத நடுவில், மத்தியானம் போங்கள். தேதி கட்டாயம் பாருங்கள். பழைய பீர் கெட்டு உடம்பைப் படுத்தாது, ஆனால் காற்றுப் பட்டு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். பச்சைப் பாட்டில், வெள்ளைப் பாட்டில் என்றால் வெயில் படும் அலமாரியில் இருந்ததா என்று கவனியுங்கள். வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் என்கிற பூவிலிருந்து வந்த பொருள் உடைந்து ஒரு கந்தக நாற்றம் கிளம்பும். பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், அலுமினிய கேன் முழுசாகத் தடுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டில் குடோனிலும் வண்டியிலும் கிடந்த பாட்டிலை வைத்துக்கொண்டு பிராண்டை எடை போட வேண்டாம். ஒரே பெயர் பல மாநிலங்களில் பல ஆலைகளில் காய்ச்சப்படுகிறது. எந்த ஆலை என்று லேபிளிலேயே இருக்கும். நம் கஞ்சிக்கோட்டிலேயே ஒரு பீர் ஆலை உண்டு.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வாங்கினால் இங்கேயே குடித்து, இங்கேயே படுத்துவிட்டு, காலையில் போங்கள். எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னால் பீர் ருசி பற்றிய உங்கள் கருத்தை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

சோதனைக்கு வருவோம். உங்கள் பழைய பீர் ஒன்று, நீங்கள் தண்ணி என்று திட்டுகிற பீர் ஒன்று. ஆல்கஹால் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், லாகரோடு ஸ்ட்ராங்கை மோதவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். இரண்டையும் ஒரே ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைகிற நிலைக்குக் கொண்டுவராதீர்கள். அளவு மீறின குளிர் வாசனையை அமுக்கிவிடும். எல்லா பீரும் ஒரே பீராகிவிடும். பார்களில் பல்லு கூசுகிற குளிரில் தருவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. வெளியே எடுத்து ஐந்து, பத்து நிமிடம் கழித்து ஊற்றினால் போதும், நம் ஊர்ச் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எவர்சில்வர் டம்ளர் ஏன் என்றால், நிறம் தெரியாது. டம்ளரை நன்றாக அலசி, சோப்பு வாடை போகக் காயவைத்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. நேந்திரம் சிப்ஸ் தின்ற உதடு பட்டாலும் நுரை அமுங்கிவிடும். குடிக்காத ஆள் ஒருவர் உள்ளே நின்று மூன்று டம்ளரிலும் ஊற்றட்டும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது எது என்று டம்ளரின் அடியில் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் இதை என் வீட்டுக்காரிதான் செய்தாள். "ஏனுங்க, குடிக்கறதுக்குப் பரீட்சை வேறயா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஊற்றினாள், ஆனால் மார்க் போடுவதில் ஒரு தயவும் காட்டவில்லை.

உங்கள் வேலை ஒன்றே ஒன்று. மூன்றில் தனியாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். எது நல்லது என்று அல்ல. பெரிய ஆலைகளிலும் சுவை பார்ப்பவர்களுக்கு இதே மூன்று கிளாஸ் முறை உண்டு. நடுநடுவே தண்ணீர் குடித்து, உப்பில்லாத வெறும் பொரி நாலு வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மிக்சர், மிளகாய் பஜ்ஜி எல்லாம் சோதனை முடிந்த பிறகுதான். ஒரு தடவை சரியாகச் சொன்னால் அது குருட்டு யோகமாகவும் இருக்கலாம், மூன்றில் ஒரு வாய்ப்பு அதற்கு உண்டு. டம்ளரை மாற்றி மாற்றி மூன்று தடவையும் சரியாகச் சொன்னால், யோகத்துக்கு இருக்கும் வாய்ப்பு 27-இல் ஒன்றுதான், நம்பலாம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடக்கு ஊற்றினால் போதும். மூன்றாவது சுற்றில் நாக்கு தடித்துப்போனால் சோதனை கெட்டுவிடும்.

என் மச்சினன் பொள்ளாச்சிக்காரன், ஒரே ஒரு ஸ்ட்ராங் பிராண்டைத் தவிர வேறெதையும் மதிக்கமாட்டான். இன்னொரு ஸ்ட்ராங்கோடு சேர்த்து வைத்தபோது எது தனி என்றே அவனால் சொல்ல முடியவில்லை. "மாமா, அக்கா ஏதோ கலந்துட்டாங்க" என்றான்.

வித்தியாசம் தெரிந்துவிட்டது, ஆனால் பழையது இப்போது பிடிக்கவில்லை என்றால் அடுத்த படி மூக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கி, பிறகு கையை எடுங்கள். பொத்தியிருந்தபோது தெரிந்த கசப்பு, இனிப்பு, புளிப்பு இவ்வளவுதான் நாக்கின் பங்கு. கையை எடுத்ததும் குபீரென்று வருவதெல்லாம் மூக்கின் வேலை. கையை எடுத்தும் ஒன்றும் வரவில்லை என்றால் மோப்பம் மந்தமாகியிருக்கிறது. அறுபதுக்கு மேல் அது சகஜம். பீடி, சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்கு லேசான லாகர் தண்ணியாகத்தான் தெரியும். வாசம் தூக்கலான பீர் பக்கம் போவதுதான் வழி. ஸ்ட்ராங் பக்கம் போவது வீண், அதில் கூடுவது சாராயச் சூடு மட்டும்.

கசப்புதான் தொந்தரவு என்றால் முதலில் உப்பு போட்ட வேர்க்கடலை நாலு மென்றுவிட்டுக் குடித்துப் பாருங்கள். உப்பு கசப்பை அடக்கும். கசப்பை வெறுப்பது பிறவிக் குணம், பாகற்காயைத் துப்பாத குழந்தை ஏது? திரும்பத் திரும்பப் பழகித்தான் பிடிக்க ஆரம்பிக்கிறது. ரொம்ப நாள் விட்டுவிட்டுத் தொடுகிறவருக்கு அதே பீர் கூடுதலாகக் கசக்கலாம். அதை வைத்து வயதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

இனி எந்தப் பக்கம் போகலாம்? நம் ஊர் ஆட்களுக்கு நான் முதலில் காட்டுவது கோதுமை பீர். 2015-இல் பிரா 91 வந்தபோது அதன் வெள்ளை பீர்தான் பலருக்கு அறிமுகம். கசப்பு குறைவு. ஹூகார்டன் போன்ற பெல்ஜியம் பாணியில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். கொத்தமல்லி என்றதும் ரசத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மன் பாணிக் கோதுமை பீர் வேறு ரகம். பெங்களூர் இந்திரா நகரில் அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடைக்கு அக்கா மகன் கூட்டிப் போனான். முதல் வாயிலேயே, "மாமா, இது பீரா, பழனி பஞ்சாமிர்தமா?" என்றான். வாழைப்பழமும் கிராம்பும் மணத்தது உண்மை. இரண்டில் எதையும் அதில் போடவில்லை, அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது தானே உண்டாக்குகிற வாசம் அது. கறுப்பு ஸ்டவுட் வறுத்த பார்லியில் ஆவது. சிக்கரி தூக்கலாகப் போட்ட ஃபில்டர் காபி பிடிக்கிறவர்கள் தைரியமாக வாங்கலாம். ஐ.பி.ஏ. என்கிற ஹாப்ஸ் நெடி அடிக்கிற ரகத்தை எனக்குப் பிடிக்கவில்லை. இளவட்டங்கள் அதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருப்பதற்கே பாதி சக்தியைச் செலவழிக்கிறார்கள்.

கோதுமை பீரை முதலில் சொல்வதற்குக் காரணம் கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துத் தென்னைகளில் இறங்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியில் போகிறது. என் தோப்பில் சில மரங்களைக் கள் இறக்க விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-இலிருந்து தடை, அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லைக் கடைகளில் அந்தப் பக்கத்து வண்டிகள்தான் அதிகம். சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறங்கினால் தெளுவு, அதாவது பதநீர், இனிப்பு. தடவாவிட்டால் மரத்துக் கலயத்தில் இருக்கும்போதே நொதிக்க ஆரம்பித்துவிடும். விடிகாலைக் கள் இளம் இனிப்பு, மத்தியானத்தில் புளிப்பு ஏறும், மறுநாள் காடி. ஆக, எங்கள் பக்கத்து நாக்கு பழகினது இனிப்பிலும் புளிப்பிலும். கசப்பு பிறகு பாட்டிலில் வந்து சேர்ந்தது. வயதாகும்போது அந்தப் பழைய பக்கமாகவே பலர் சாய்வதைப் பார்க்கிறேன். கள் குடித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நன்மை, கலங்கலைப் பார்த்து மிரளமாட்டார்கள். கோதுமை பீரின் அடியில் தங்கும் மண்டியைக் கெட்டுப்போனது என்று நினைத்து ஊற்றிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சோதனை நாளில் மட்டும் கள் வேண்டாம். கள்ளுக்கடை மீன்கறியின் குடம்புளியும் மிளகாயும் ஏறின வாய்க்கு எந்த பீரும் ஒன்றுதான்.

முடிவை மறந்துவிடாமல் எழுதி வையுங்கள். பீர் பெயர், ஆலை, தேதி, தனி டம்ளரைக் கண்டுபிடித்தீர்களா இல்லையா, இவ்வளவு போதும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இதற்குத் தோதான இடம். வெயில் காலத்தில் ஒரு தடவை, துலாம் மாதத்து மழை நேரத்தில் ஒரு தடவை செய்தால் பதில் மாறுகிறதா என்றும் தெரிந்துவிடும். எனக்கு மாறுகிறது. சித்திரையில் பிடிக்கும் லாகர், ஐப்பசி மழையில் சவசவ என்றிருக்கிறது.

வித்தியாசமே தெரியாதவர்கள் விலை குறைந்ததை வாங்கிக்கொள்ளலாம், அந்தக் காசுக்கு நல்ல மீன் கிடைக்கும். மச்சினனிடமும் அதைத்தான் சொன்னேன். அவன் இன்னும் பழைய பிராண்டைத்தான் கேட்டு வாங்குகிறான். லேபிளில் இருக்கிற அந்தப் பறவை பிடிக்குமாம்.